கழுதைக்குட்டியும் கத்திரியும்

"அந்தக் கழுதை வீடியோ பார்த்தியா? சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சுடா!"

லிஃப்டில் முன்னால் நின்ற இருவரும் மறுபடி சிரித்தார்கள். பின்னால் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கழுதையை உருவாக்கியவள் அவள்தான்.

மூன்று வருட உழைப்பு. தொலைந்துபோன கழுதைக்குட்டி ஒன்று மலையும் காடும் தாண்டி அம்மாவிடம் போய்ச் சேரும் வீடியோ கேம். வெளிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் 'கத்திரி' கையில் மாட்டிக்கொண்டது.

கத்திரி என்பது பட்டப்பெயர். முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, வருகிற கேம்களை எல்லாம் கிழித்துத் தொங்கவிடுகிற ஆள்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் முதலாளி கூப்பிட்டார். அவர் மேசையிலும் அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது.

"குட்டி நடக்கிற நடையைப் பாருங்க, புதுச் செருப்பு கடிச்ச மாப்பிள்ளை மாதிரி! மழை கொட்டுது, உடம்புல ஒரு சொட்டு ஈரம் இல்ல. குளிக்கிறதுன்னாலே ஆகாது போல. கடைசியில ஒரு தூக்குப் பாலம். அதைத் தாண்டினா அம்மாவாம். பாலம் இறங்கினாத்தானே தாண்ட! ஒரு சாயங்காலம் முழுக்க நின்னேன். குட்டி அதோட அம்மாவை நினைச்சு அழுதுச்சு. நான் எங்கம்மாவை நினைச்சு அழுதேன்!"

முதலாளி படக்கென்று நிறுத்தினார்.

"வாய்க்கொழுப்பைப் பார்த்தியா? விளையாடத் தெரியாம நம்ம மேல பழி போடுறான். நம்ம காட்சியைக் கேக்காம எடுத்துப் போட்டிருக்கான்னு ஒரு புகார் கொடுத்தா, வீடியோவையே தூக்கிடுவாங்க. கேம் உன் பேர்லதானே பதிஞ்சிருக்கு? நீயே அனுப்பிடு."

"பாலம் இறங்கலைங்கிறாரே சார்..."

"அட, நான் விளையாடினேன்மா! அம்மாவும் குட்டியும் சேர்ற இடத்துல எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. எத்தனை பேர் பாராட்டி எழுதியிருக்காங்க! எல்லாரும் அந்தக் கடைசிக் காட்சியைத்தானே தூக்கி வெச்சுப் பேசறாங்க?"

அது உண்மைதான். தன் இடத்துக்கு வந்து புகாரை எழுதினாள். அனுப்ப மட்டும் மனசு வரவில்லை. கேமை முதல் கட்டத்திலிருந்து விளையாட ஆரம்பித்தாள்.

அவள் இதுவரை அப்படி விளையாடியதே இல்லை. அங்கே வேலை செய்கிற யாருமே விளையாடியதில்லை. முழுக்க நடந்தால் பொழுது போய்விடும் என்று, குட்டியை நேராகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுத்தான் கடைசிக் காட்சியைச் சோதிப்பார்கள்.

சாயங்காலம் குட்டி பாலத்தடிக்கு வந்து சேர்ந்தது.

பாலம் இறங்கவில்லை.

வேறு கணினியில் போட்டுப் பார்த்தாள். அதிலும் இறங்கவில்லை. சுற்றிப் போக வழி கிடையாது. வழி வைக்காதவளே அவள்தானே!

கடைசிக் காட்சியில் அழுதேன் என்று முதன்முதலில் சொன்னது அவள் வீட்டுக்காரர். போன் போட்டாள்.

"ஏங்க, குட்டி அம்மாவைப் பார்த்ததும் என்ன செய்யும்?"

"என்ன இப்படிக் கேட்டுட்ட? ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுக்கும். நான்தான் அழுதேனே!"

"கழுதை எப்படிங்க கட்டிப் பிடிக்கும்?"

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்மா. அப்புறம் பேசறேன்."

அவள் போனை வைக்கும்போது முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"புகார் போயாச்சா?"

"சார், நீங்க இந்தப் பாலத்தை எப்படித் தாண்டினீங்க?"

"எப்படின்னா... நடந்துதான்."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பாலம் செங்குத்தாக நின்றது. அதன் கீழே குட்டி நின்றது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பாலம் அப்படியேதான் நின்றது.

"யாருமே தாண்டியிருக்க முடியாது சார்" என்றாள் மெல்ல. புகாரை அழித்துவிட்டு, பாலத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தாள்.

முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், முதல் கட்டத்தில் குட்டி அம்மாவைத் தேடிக் கத்துகிற சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.