நெவிலின் வெயில் மாத்திரை

கீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரிஸ்பேனில் மருந்தாளர் படிப்பு முடித்து, சொந்த ஊரில் மொரீனின் மருந்துக்கடையில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் முதலாளியம்மாவின் வண்டவாளம் தெரிந்துபோயிற்று. கூரைத் தகரம் போடும் நெவில் தலையில் மாதாமாதம் வெயில் மாத்திரையைக் கட்டுகிறாள்!

"நிஜமாச் சொல்லுங்க மொரீன். இதை முழுங்கினா வெயில் ஒண்ணும் செய்யாதா?"

"உள்ளேர்ந்து கொஞ்சம் உதவும்னு சொல்றாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? தோல் புற்றுன்னு அவர் காதுல பாதியை வெட்டி எடுத்தாச்சு. இன்னொண்ணு வந்தா உயிரே போயிடும். சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், கூரைமேல வெறுந்தலை, வெறும் உடம்பு. இப்ப மாத்திரை தைரியம் வேறயா?"

"டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா, கண்ணு."

அட, என்ன நெஞ்சழுத்தம்! அந்த மனுஷனிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று கீலி காரைக் கிளப்பினாள்.

ஏணியில் இறங்கி வந்த ஆளைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. அகலத் தொப்பி, மணிக்கட்டு வரை சட்டை, மூக்கில் அப்பிய வெள்ளை கிரீம்.

"நெவில்! நீங்களா தொப்பி போட்டிருக்கீங்க?"

"என்ன பண்றது! பொண்டாட்டி கெஞ்சினா, டாக்டர் கத்தினாரு. தொப்பி இல்லேன்னா விளையாட்டு இல்லைங்கற பள்ளிக்கூடச் சட்டமெல்லாம் சின்னப் பசங்களுக்குன்னு சிரிச்சுட்டுப் போனவன்தான் நான். இந்த மாத்திரை வந்துதான் மாட்டிக்கிட்டேன்."

"மாத்திரையாலயா?"

"மொரீன் கறாரா சொல்லிட்டா. நேர் வெயில் பட்டா மாத்திரை பலிக்காதாம். தொப்பி, முழுக்கை, ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை கிரீம். ஒண்ணு தப்பினாலும் முழுங்கினது வீணாம்."

டப்பாவைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"ஆனா சும்மா சொல்லக்கூடாது, பொண்ணே. கில்லாடி மாத்திரை! ஒன்பது மாசமா புதுசா ஒரு புள்ளி இல்லைன்னு டாக்டரே அசந்துபோயிட்டாரு."

கீலி அவர் காதைப் பார்த்தாள். மிச்சமிருந்த பாதி, கிரீம் படாமல் சிவந்து கிடந்தது.

"நெவில், ஒரு உண்மையைச் சொல்லணும்."

"சொல்லும்மா."

"காதுல கிரீம் தடவலேன்னா, இந்த மாத்திரை சுத்தமா வேலை செய்யாது."