வால் மேல் உட்கார்ந்த நாய்

டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் படுத்திருக்கும். ஒருநாள் எதிர்வீட்டு ஜெசிந்தா இட்லியைப் பாலில் பிசைந்து எடுத்துவந்தாள். "சாப்பிடுடா" என்று காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். நாய்க்கு வயிறு கதகதவென்றது. முதுகெல்லாம் சிலிர்த்தது. வால் தானாகவே ஆட ஆரம்பித்தது.

நாய் பதறிப்போய் வால் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"ஏன் என்னை அமுக்குறே?" என்றது வால்.

"போன வீட்டுலயும் இப்படித்தான் ஆடினே. ஒரே மாசத்துல அவங்க நம்மளை விட்டுட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்க. நீ ஆடினாலே ஏதாவது ஆயிடுது."

"அதுக்கும் நான் ஆடினதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. கம்முன்னு கிட."

மறுநாளும் ஜெசிந்தா வந்தாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் அழுத்தி உட்கார்ந்தது. அவள் போன பிறகுதான் தட்டைத் தொட்டது. தினமும் இதே கதை.

பத்தாம் நாள் அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "உனக்கு என்னைப் பிடிக்கவே இல்லை, இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை.

"பாத்தியா? போயிடுவாள்னு நான் அப்பவே சொன்னேன்" என்றது நாய். "நல்லவேளை, நீ ஆடலை."

 வால் மரத்துப்போயிருந்தது.