கோணி ஊசி

மனசாட்சி என்ன விலை என்று அன்று காலை தெசாங்காவைக் கேட்டிருந்தால், ஒரு கோணி ஊசி என்று சொல்லியிருப்பாள். அந்த ஊசி இன்னும் அவள் ஏப்ரன் பையில்தான் கிடந்தது. அசையும்போதெல்லாம் தொடையில் குத்தியது.

அவள் வீட்டு முற்றத்துச் சேற்றில் மண்டியிட்டு, சின்ன டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான் மிலுதின். டிரெய்லர் மேல், பிளம் பழச் சாராயம் காய்ச்ச வீடு வீடாக அவன் கொண்டுபோகும் செப்புக் கொப்பரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"நேத்து ஜம்முனு நின்ன வண்டியாச்சே!" டிராக்டரோடு வாசலில் நின்ற ஸ்தானிமிர் கத்தினான். மோராவா ஆற்றுக்கு அக்கரைக்காரன்; கொப்பரைக்கு அடுத்த முறை அவனுடையது. "என் பீப்பாயில பழம் பொங்கி வழியுது. இன்னிக்குக் காய்ச்சலேன்னா வினிகர்தான். அதுல வருஷம் பூரா ஊறுகாய் போடவா?"

"கத்துற நேரத்துல கடைக்குப் போய் ஒட்டுப் பசை வாங்கிட்டு வா. என்னோடது காஞ்சு போச்சு."

முணுமுணுத்தபடி போனான் ஸ்தானிமிர்.

அவன் போவதைத் தெசாங்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பழம் என்ன பாவம் செய்தது? ஆனால் அவளுடைய பழம் நேற்றே காய்ச்சி முடிந்து, பீப்பாய்கள் காலி. கொப்பரை கிளம்பினால் மிலுதினும் கிளம்புவான். புருஷன் செத்துப்போன வீட்டில் எதிரே உட்கார்ந்து சூப் குடிக்க, அடுத்த பிளம் பருவம் வரை ஆள் இல்லை.

விடியுமுன் இருட்டில் டயரைத் தடவித்தான் குத்தினாள். நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில், காற்று சீறும் சத்தம்கூட அவள் காதில் விழவில்லை.

மிலுதின் டியூபில் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஓரிடத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்தன.

"மேஸ்திரி, அது நான்தான்!" அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஸ்தானிமிர்கிட்ட நானே சொல்லிடறேன். அவன் பழத்துக்கு ஈடா என் சாராயத்துல பாதியை எடுத்துக்கட்டும்."

அவன் நிமிரவில்லை. "ஏன் குத்தினீங்க, வீட்டுக்காரம்மா?"

"ஞாயித்துக்கிழமைக்குக் கோழி அடிக்கலாம்னு இருந்தேன். முழுக் கோழியை ஒருத்தியா தின்ன முடியாது." வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மிலுதின் டியூபை மெல்லத் திருப்பினான். மறுபக்கத்திலிருந்து, இன்னும் பெரிதாக, குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின.

"ஐயோ, நான் ஒரு தடவைதான் குத்தினேன்! சத்தியமா!"

"தெரியும்." அவன் காதுமடல் சிவந்திருந்தது. "பாதி வேணாம், தெசாங்கா. நீ கால்வாசி குடு, மிச்சக் கால்வாசி என் கணக்கு. அந்தப் பெரிய ஓட்டை நேத்து ராத்திரியே நான் போட்டது."