பெஞ்சும் ஒரு டம்ளர் தண்ணீரும்

நாலு கால் இருந்தால் ஆடும். அதில் ஒரு காலை எடுத்துவிட்டால் ஆடாமல் நிற்கும். அது என்ன?

அவசரப்படாமல் யோசியுங்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பர்சானாவுக்கே இதற்கு விடை தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

விடை, அவளுடைய அத்தா பாசித் செய்துகொண்டிருந்த மர பெஞ்ச்.

கொடைக்கானலில் அவர்கள் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் மாடி. தரை முழுக்கப் பலகை. ஒரு பலகை ஏறியிருக்கும், பக்கத்துப் பலகை இறங்கியிருக்கும். நாலு கால் பெஞ்சை எங்கே வைத்தாலும் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. பாசித் அதைப் பிரித்து, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று கால்களை மாற்றினார். மூன்றும் தரையில் பதிந்துவிட்டன.

"எப்படி அத்தா?"

"மூணு காலுக்கு மேடு பள்ளமே கெடையாதும்மா. எங்க வச்சாலும் ஊணிக்கிரும்."

பாசித் பஜாரில் செல்போன் பழுது பார்க்கிறவர். ஆசை ஆசையாக ஒரு சின்ன சி.என்.சி. மெஷின் வாங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்துவிட்டால் போதும். அது தானே நகர்ந்து நகர்ந்து மரத்தில் அந்தப் படத்தைச் செதுக்கிவிடும். முதலில் செதுக்கப்போவது பர்சானா வரைந்த காட்டுமாடு.

ஆனால் மெஷின் ஓடும்போது அதிரும். அதுதான் சிக்கல். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா விசாலாட்சி சாக்லேட் செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா பாசித்து, உன் மெஷின் சோலியெல்லாம் எனக்குத் தெரியாது. தட்டுல ஊத்தி வச்ச சாக்லேட்டு உறையறதுக்குள்ள அசைஞ்சா, மேல வரி வரியா விழுந்துரும். கடைக்காரங்க அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க."

"அதிராத மாதிரி பெஞ்ச் செய்யறேன்க்கா."

"செய்யி. சாக்லேட்டு வைக்கிற அலமாரியில ஒரு டம்ளர் நெறைய, முட்ட முட்டத் தண்ணி வைப்பேன். கால் மணி நேரம் மெஷினை ஓட்டு. ஒரு சொட்டு சிந்தினாலும் மெஷின் இந்த வீட்ல இருக்கக் கூடாது."

இங்கே இருக்கக் கூடாது என்றால், மலையிறங்கி பாலசமுத்திரத்தில் மாமா வீட்டுக்குத்தான் அது போக வேண்டும். அப்புறம் மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

பர்சானாவின் அம்மா நஜீமாவுக்குப் பொறுக்கவில்லை.

"முட்ட முட்ட வச்சா, பக்கத்துல நின்னு தும்முனாலே சிந்துமே! வைக்கக் கூடாதுன்னு நேராச் சொல்லிட்டுப் போறதுதானே? கல்நெஞ்சுக்காரம்மா!"

பாசித் வேலையில் இறங்கினார். பெஞ்சுக்கு அடித்தட்டு ஒன்று போட்டு, மூன்று மூட்டை மணலைத் தோளில் சுமந்து படியேற்றினார்.

"மணல் எதுக்கு அத்தா?"

"கனமா இருந்தா பெஞ்ச் லேசுல அதிராது. மிச்சம் மீதி அதிர்வையும் மணலே முழுங்கிரும்."

"இந்த ரப்பர்?"

"லாரி டயர்ல வெட்டுனது. காலுக்கு அடியில குடுத்தா, அதிர்வு பலகைக்கு எறங்காது."

"இதுக்கு மேலயும் அதிருமா?"

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

சனிக்கிழமை சோதனை. விசாலாட்சி அலமாரியில் ஒரு தட்டு வைத்து, அதன்மேல் டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பாசித் குனிந்து பார்த்தார். தண்ணீர் விளிம்புக்கு மேலேயே லேசாக உப்பிக்கொண்டு நின்றது. அவர் முகம் வாடிவிட்டது.

"சாட்சிக்கு உம்மக இங்க இருக்கட்டும். நீ வெரசாப் போயி ஓட்டு" என்றார் விசாலாட்சி.

பாசித் படியேறினார்.

"பாப்பா, காத்துல தண்ணி அசையும். அந்த ஜன்னலைச் சாத்திட்டு வா" என்றார் விசாலாட்சி.

பர்சானா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து டம்ளருக்கு எதிரே உட்கார்ந்தாள். மாடியில் 'கொர்ர்ர்' என்று சத்தம் தொடங்கியது. கால் மணி நேரம் அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சத்தம் நின்றது. தட்டு காய்ந்து கிடந்தது.

"ஏம்ப்பா பாசித்து, ஒரு சொட்டு சிந்தலை! மெஷின் இங்கயே இருக்கட்டும்!" என்று விசாலாட்சி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நஜீமா, கேட்டியா? நம்ம பெஞ்ச் ஜெயிச்சிருச்சு!" மேலே அத்தா கத்துவது கேட்டது.

பர்சானா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, சிந்தவே இல்லை. அப்புறம் எப்படித் தண்ணி ஒரு விரக்கடை கொறஞ்சிருக்கு?"

விசாலாட்சி படிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ ஜன்னல் சாத்தப் போனீல்ல? அப்ப நான்தான் ஒரு மடக்கு குடிச்சேன். வீம்புக்குச் சொல்லிப்புட்டேன். அந்த மனுசன் மூட்டை மூட்டையா மணல் சுமக்கறதைப் பாத்ததுல இருந்து எனக்கு மனசு கேக்கலை. அத்தாகிட்டச் சொல்லிராத."

"மெஷின் அதிர்ந்து உங்க சாக்லேட்டுல வரி விழுந்தா?"

"விழுந்தா விழுகட்டும். ஒண்ணு ரெண்டு தட்டு போகும், அம்புட்டுத்தானே? உன் காட்டுமாடு வரட்டும்."

பாசித் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

பர்சானா பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து, டம்ளரில் முட்ட முட்டத் தண்ணீர் ஊற்றினாள்.

"அத்தா, மேல போயி இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள்.