நடக்கிற வேகம்

"குண்டுக் குழாய் போடுங்கண்ணே. வண்டி பறக்கும்" என்றான் மெக்கானிக்.

அவருக்கு ஒல்லிக் குழாய்தான் வேண்டும்.

பழைய பிக்கப் வண்டி வாயைப் பிளந்துகொண்டு பட்டறை நடுவில் நின்றது. என்ஜினிலிருந்து புகையை வாங்கிக்கொள்ளும் வார்ப்பிரும்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஹெடர் போட வேண்டும் என்று காலையிலேயே வந்து நின்றவர் அவர். தனித்தனியாகக் கிளம்பி, நீளமாக ஓடி, கடைசியில் ஒன்றாகச் சேரும் குழாய்கள். குண்டாக இருந்தால் ஓட்டத்தில் பலம். ஒல்லியாக, நீளமாக இருந்தால் ஊர்ந்து போகும்போது இழுவை.

இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார். தூங்காத இரவுகளில் வேறு என்ன வேலை.

"வேகமா ஓட்டுனா மூச்சு முட்டும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"ஓட்ட மாட்டேன்."

"லோடு எவ்வளவு ஏத்துவீங்க?"

"நாப்பது கிலோ இருக்கும்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நாப்பது கிலோவுக்கா இந்தப் பாடு? சைக்கிள்ல கட்டி உருட்டிட்டுப் போயிடலாமேண்ணே."

"லோடு பிரச்சனை இல்ல தம்பி. மேட்டுல நடக்கிற வேகத்துல ஏறணும். நடுவுல நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

என்ன பைத்தியமோ என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, கெஞ்சிக் கூத்தாடிக் கழற்ற வேண்டியிருந்தது. ஒன்று தலை முறிந்து உள்ளேயே நின்றுகொண்டது. அதைத் துளைத்து எடுப்பதற்குள் மெக்கானிக் அந்த வண்டியைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்துவிட்டான்.

அவர் ஒரு டயர் மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார். விழித்ததும் கை முதலில் போனைத் தேடியது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடவில்லை. கூப்பிடாத வரைக்கும் நல்லது.

மதியத்துக்கு மேல் புதுக் குழாய்கள் ஏறின.

"சத்தம் கொஞ்சம் கூடும்ணே. நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க."

"பார்க்க வேணாம்."

கடைசியில் பழைய சைலன்சரையே மாட்டச் சொன்னார். மெக்கானிக்குக் கை கூசியது. இவ்வளவு செய்துவிட்டு வாயைப் பொத்துவதா? ஆனாலும் மாட்டினான்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது அவன் முன் கதவில் கை வைத்தான். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஏறாத. பின்னாடி நடந்து வா."

"நானா?"

"நீ நிக்காம நடக்கணும். என்னை முந்தவும் கூடாது."

"சரிதான். வண்டி வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இந்த மாதிரியெல்லாம் தோணும்."

பட்டறையை அடுத்து ரயில் பாலத்துக்கு ஏறும் சாலை. ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டார். ஆக்சிலேட்டரை விரல் நுனியால் தொட்டது போல ஒரு மிதி.

வண்டி உறுமவில்லை. உதறவில்லை. ஏறியது.

கண்ணாடியில் பார்த்தார். மெக்கானிக் முதலில் சிரித்துக்கொண்டு வந்தான். பிறகு குழாயின் சத்தத்தைக் கேட்பதற்காகத் தலையைக் குனிந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, ஒரே சீராக நடந்து வந்தான்.

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்.

உச்சியில் மெக்கானிக் ஜன்னலோரம் வந்து நின்றான். வேர்த்திருந்தது. விஷயம் பிடிபட்டுவிட்டது போல முகம்.

"ஊர்வலமா? பொண்ணு மாப்பிள்ளைய ஏத்தப் போறீங்களா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணே!"

"பொண்ணை மட்டும்" என்றார்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எழுந்து செருப்பைத் தேடினார். "கஞ்சி ரெண்டு வாய் குடிச்சா. அதுக்கு மேல முடியலன்னுட்டா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். போர்வைக்கு அடியில் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"நின்னுச்சா?"

"நிக்கல."

போன மழைக்காலத்தில் அவளுடைய அம்மாவை இதே வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். மயானத்து மேட்டில் பாதியில் நின்று, பின்னால் உருண்டது. நடந்து வந்தவர்கள் அழுகையை விட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டு, தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அவளும் தள்ளினாள். டாக்டர் கையை விரித்த அன்று, வீட்டுக்கு வரும் வழியில் அவரிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என்னை யாரும் தள்ளிட்டு வரக் கூடாது.

"மேடு முழுக்கவா?"

"முழுக்க. பின்னாடி நடந்து வந்தவனுக்குத்தான் மூச்சு வாங்குச்சு."

அவள் உதடு லேசாக விரிந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று அவர் விளக்கை அணைக்கப் போனார்.

"நாளைக்கு என்னை அங்க ஒரு தடவ கூட்டிட்டுப் போறீங்களா?"

அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னைக்குப் பின்னாடி படுத்திருப்பேன். வழியில ஒண்ணும் தெரியாது. முன் சீட்ல உட்கார்ந்து ஒரு தடவ பார்த்துக்கிறேன்."

"சரி."

"கொஞ்சம் வேகமாவே ஓட்டுங்க" என்றாள்.