பத்து இலட்சத்து ஒன்று

நிச்சயத்தன்று கூடத்தில் இருந்தவர்கள் ஆவுடையப்பன், அவர் மகள் பூரணம், மாப்பிள்ளை எழிலன், அவன் தாய் பிரமு. குடும்பத்துக்கு ஓர் எண் என்று அரசு வழங்கியதிலிருந்து, பகா எண் வாய்த்த வீடுகள் தங்களுக்குள்தான் சம்பந்தம் செய்தன. ஆவுடையப்பன் வழக்கப்படி எழிலன் வீட்டு எண்ணைத் தம் கையாலேயே வகுத்துப் பார்த்தார். ஏழால் மீதியின்றி வகுபட்டது. தாம்பூலத் தட்டை அவர்கள் பக்கமே நகர்த்திவிட்டார்.

"உங்க எண்ணை வகுத்துப் பாத்தியளா, அண்ணாச்சி?" என்றாள் பிரமு.

"எங்க எண்ணைச் சந்தேகப்படுத வழக்கம் இல்ல."

அவர்கள் போனபின் பூரணம் தங்கள் வீட்டு எண்ணான பத்து இலட்சத்து ஒன்றை நூற்றொன்றால் வகுத்து, மீதி பூச்சியம் என்று காட்டினாள். அவர் மானத்தை விழுங்கி ஆள் அனுப்பியபோது எழிலனுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது.

பூரணம் அவனோடு ஓடிப்போனதாக ஊரில் பேச்சு. போயிருந்தாலாவது நன்றாயிருக்கும் என்று ஆவுடையப்பனுக்கே தோன்றும். அவள் எங்கும் போகவில்லை; அன்றிலிருந்து வாசற்படி தாண்டாமல் உள்ளறையிலேயே இருந்தாள்.