நோன்பும் கொழுப்பும்

“ஐம்பது நாளா எங்க வீட்டுல ஒரு சொட்டு நெய் கிடையாது டாக்டர். அப்புறம் எப்படி ஏறும்?” என்றாள் இன்சாஃப்.

டாக்டர் லபீப் ரத்தப் பரிசோதனைத் தாளை மறுபடியும் பார்த்தார். அவர் பார்க்கப் பார்க்க, எதிரில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் சித்கிக்கு வியர்த்துக் கொட்டியது. மின்யா நகரில் பெரிய துணிக்கடை வைத்து ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனுஷன், இன்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தான்.

நோன்புக்கு முன்னால் முந்நூற்றுப் பத்தாக இருந்த கொலஸ்ட்ரால் இப்போது முந்நூற்று எண்பது. ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடக்கூடாத பெரிய நோன்பு வருகிறதே, காய்கறி சாப்பிட்டே கொஞ்சம் குறைத்துக் காட்டுங்கள், மாத்திரையைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியவர் இதே டாக்டர்தான். இன்சாஃப் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சேப்பங்கிழங்கு, முட்டைக்கோஸ், கத்தரிக்காய், மொச்சை என்று சந்தையையே சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டாள்.

ரத்தம் ஆள் மாறிப் போயிருக்குமோ என்று டாக்டர் கேட்டார். வாய்ப்பே இல்லை, மகள் தெமியானா நர்ஸ், அவளே வீட்டில் எடுத்துக் கொடுத்தாள், நானே லேபில் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றாள் இன்சாஃப்.

டாக்டரின் முகம் இருண்டது.

“வெறும் காய்கறி சாப்பிட்டும் இவ்வளவுன்னா, இது சாப்பாட்டால வந்தது இல்லைங்க. பிறவியிலேயே ரத்தத்துல இருக்கு. வெளியில ஒண்ணுமே தெரியாது. சிலருக்கு முப்பது வயசுலயே மாரடைப்பு வந்துடும். இவர் இத்தனை நாள் தாங்கினதே பெரிசு.”

இன்சாஃப் கணவனின் தோளை இறுகப் பற்றிக்கொண்டாள். பயத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

“நான் நோன்பே இருக்கலை டாக்டர்” என்றான் சித்கி.

தினமும் மத்தியானம் ரயிலடியில் தள்ளுவண்டிக்காரனிடம் நாலு ஈரல் சாண்ட்விச் சாப்பிட்டதையும், வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வந்து சேப்பங்கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்ததையும் தலையைக் குனிந்தபடி ஒப்பித்தான்.

இன்சாஃபின் கை தோளிலிருந்து இறங்கியது. “ஆண்டவரைத்தான் ஏமாத்தினீங்க, என்னையுமா?” என்றாள்.

டாக்டருக்கோ உயிர் வந்தது. நாற்காலியில் சாய்ந்து சிரித்தேவிட்டார். அப்படியானால் எல்லாம் ஈரல் செய்த வேலை, வாயைக் கட்டி மாத்திரையும் சாப்பிட்டால் இறங்கிவிடும், நான் சொன்ன பயங்கரத்தை மறந்துவிடுங்கள் என்று மருந்துச் சீட்டை எடுத்தார். இன்சாஃப் கோபத்தையும் மறந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

சித்கிக்கு மட்டும் வியர்வை நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாயிற்று. அதான் சரியாகிவிடும் என்றேனே, இன்னும் என்ன பயம் என்று டாக்டர் கேட்டார்.

“அது என் ரத்தம் இல்லை டாக்டர். மாட்டிக்குவேன்னு பயந்து தெமியானாகிட்ட கெஞ்சினேன். அவ தன் ரத்தத்தை எடுத்து என் பேரை எழுதிக் கொடுத்துட்டா” என்றான் சித்கி. “அவ ஐம்பது நாளும் ஒழுங்கா நோன்பு இருந்தா.”